ரான்பிங்ளா: ஏழு தோல்களும் ஒரு பொய்ச்சீட்டும்

நடு இந்தியாவின் சத்புரா மலைத்தொடரில் ஒரு சிற்றாந்தை வாழ்கிறது. மராத்தியில் அதற்கு ரான்பிங்ளா என்று பெயர். 1997ஆம் ஆண்டு நவம்பர் வரை அந்தப் பறவையைப் பற்றிப் பறவையியல் உலகத்திடம் இருந்தவை ஏழு பதப்படுத்திய தோல்களும், அவற்றின் காலில் கட்டிய சீட்டுகளும், சேகரித்தவர்கள் எழுதி வைத்த சில வரிகளும்தான். அது என்ன தின்கிறது, எப்படிக் கூவுகிறது, எந்த மாதத்தில் முட்டையிடுகிறது என்ற எளிய கேள்விகளுக்குக்கூட விடை இல்லை. பறவையே இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதும் சந்தேகமாக இருந்தது.

முதல் தோல் 1872 டிசம்பரில் கிடைத்தது. இன்றைய சத்தீஸ்கரின் கிழக்குப் பகுதியில், பஸ்னாவுக்கும் புல்ஜருக்கும் இடைப்பட்ட காட்டில், எஃப். ஆர். பிளூவிட் என்ற ஆங்கிலேயர் சுட்டு வீழ்த்திய பறவை அது. அவர் அதை ஆலன் ஆக்டேவியன் ஹியூமுக்கு அனுப்பிவைத்தார். பள்ளிப் பாடத்தில் இந்திய தேசிய காங்கிரஸைத் தொடங்கியவர் என்று நாம் படித்த அதே ஹியூம்தான். அரசியலுக்கு வருவதற்கு முன் அவர் பறவைகளுக்காகவே வாழ்ந்தவர். துணைக்கண்டம் முழுவதும் சுங்கத்துறை, வனத்துறை, ராணுவம் என்று பரவிக் கிடந்த அதிகாரிகளைக் கொண்டு தோல்களையும் முட்டைகளையும் திரட்டினார். அவற்றைப் பற்றி எழுதுவதற்காகத் தன் செலவிலேயே ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்ற இதழை நடத்தினார். பிளூவிட் அனுப்பிய ஆந்தையை 1873இல் அந்த இதழில் புதிய இனமாக அறிவித்து, அனுப்பியவரின் பெயரையே இனப்பெயராக வைத்தார். பேரினமும் புதிதாகவே இருக்கட்டும் என்று ஹெட்டெரோகிளாக்ஸ் என்ற பெயரையும் உண்டாக்கினார். மற்ற சிற்றாந்தைகளோடு சேர்க்க முடியாதபடி ஏதோ ஒன்று அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது.

1877இல் நிலவியலாளர் வாலன்டைன் பால் ஒடிசா பக்கம் கரியார் காட்டில் ஒன்றைப் பிடித்தார். 1880களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் டேவிட்சன் என்ற சிவில் சர்வீஸ் அதிகாரி மேற்குக் காந்தேஷில், அதாவது இன்றைய மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில், ஷாஹாதா, தலோடா ஊர்களைச் சுற்றிய மலையடிவாரக் காடுகளில் சில பறவைகளைச் சேகரித்தார். 1884க்குப் பிறகு எதுவும் வரவில்லை.

ஹியூமின் கதையும் அந்த ஆண்டுகளிலேயே முறிந்தது. பல ஆண்டுகள் எழுதிச் சேர்த்த கையெழுத்துப் படிகளை, அவர் சிம்லாவில் இல்லாத ஒரு குளிர்காலத்தில், வேலைக்காரர் ஒருவர் பழைய காகிதமாகக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். ஹியூம் அதற்குப் பிறகு பறவைகள் பக்கம் திரும்பவே இல்லை. தோலும் முட்டையுமாக 80,000க்கும் மேற்பட்ட தன் சேகரிப்பை 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அந்தப் பெருங்குவியலின் ஓர் இழுப்பறையில் ரான்பிங்ளாவும் கடலைத் தாண்டிப் போயிற்று.

அடுத்த நூறாண்டுகளுக்குமேல் இந்தப் பறவை ஏன் யார் கண்ணிலும் படவில்லை? படவில்லை என்பதைவிட, பட்டும் அடையாளம் தெரியவில்லை என்பதே நடந்திருக்கக் கூடியது. நம்மூர் ஆலமரப் பொந்திலும் பழைய கட்டட இடுக்கிலும் குடியிருந்து, அந்தி சாய்ந்ததும் கீச்சிட்டுச் சண்டை போடும் புள்ளி ஆந்தையை எல்லோருக்கும் தெரியும். ரான்பிங்ளாவும் ஏறக்குறைய அதே அளவுதான், சுமார் 23 சென்டிமீட்டர். அதே மஞ்சள் கண், அதே உருண்டைத் தலை. இது போதாதென்று உடம்பெல்லாம் நெருங்கிய வரிகள் கொண்ட சின்னக் காட்டு ஆந்தையும் அதே காட்டில் உண்டு. வேறுபாடு தெரிந்தவருக்கு மட்டுமே வேறுபாடு தெரியும்: ரான்பிங்ளாவின் உச்சந்தலையில் புள்ளிகள் அநேகமாகக் கிடையாது. சிறகிலும் வாலிலும் அகலமான வெள்ளைப் பட்டைகள் பளிச்சென்று தெரியும். நெஞ்சு ஏறக்குறைய ஒரே பழுப்பாக இருக்கும், அடிவயிறு வெள்ளை. மண்டையும் அலகும் பருமனானவை. கால்கள் தடித்து, வெள்ளை இறகு போர்த்தியிருக்கும். 1968இல் நாக்பூர்ப் பகுதியில் எடுத்ததாகச் சொல்லி ஒரு புகைப்படம் ரான்பிங்ளா என்ற பெயரில் வெளிவந்தது. நிபுணர்கள் பின்னால் உற்றுப் பார்த்தபோது அது புள்ளி ஆந்தைதான் என்று தெரிந்தது. கையேடுகளில் வந்த ஓவியங்களோ, காய்ந்த தோலைப் பார்த்து வரைந்தவை. அந்தப் படங்களை நம்பிக் காட்டுக்குப் போனவர், பறவை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் தாண்டிப் போயிருப்பார்.

இன்னொரு காரணமும் இருந்தது. தேடியவர்களைத் தவறான திசைக்குத் திருப்பிவிட்ட காரணம் அது. அதன் பெயர் கர்னல் ரிச்சர்ட் மெய்னர்ட்ஸ்ஹேகன்.

1878இல் பிறந்து 1967இல் இறந்த இந்த ஆங்கிலேயர் ராணுவ உளவு அதிகாரி, நாட்குறிப்பாளர், தன் காலத்தின் பெரும் பறவை அறிஞர்களில் ஒருவராக மதிக்கப்பட்டவர். பறவையியலாளர் சாலிம் அலி 1937இல் இவரோடு ஆப்கானிஸ்தானில் பறவை தேடிப் பயணம் செய்திருக்கிறார். மெய்னர்ட்ஸ்ஹேகனின் சேகரிப்பில் சுமார் 20,000 பறவைத்தோல்கள் இருந்தன. 1954இல் அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் ஒரு ரான்பிங்ளாவும் இருந்தது. சீட்டில், 1914 அக்டோபரில் குஜராத்தில் தபதி ஆற்றங்கரை மாண்ட்வியில் தானே பிடித்தது என்று எழுதியிருந்தார். இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பறவை உயிரோடு இருந்தது என்பதற்கு இருந்த ஒரே சான்று அதுதான். ஆகவே, பிற்காலத்தில் ரான்பிங்ளாவைத் தேட நினைத்தவர்களுக்கு மாண்ட்வி ஒரு முக்கிய முகவரி ஆயிற்று. அங்கே போய்த் தேடினார்கள்; கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனதும், கடைசி வாழிடமும் அழிந்துவிட்டது போலும் என்ற முடிவுக்கு வருவது இயல்புதானே.

அந்தச் சீட்டு பொய். அதைக் கண்டுபிடித்தவர் பமீலா ராஸ்முசன். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் டில்லன் ரிப்ளியின் தெற்காசியப் பறவைக் கையேட்டுக்காக வேலை செய்துகொண்டிருந்தவர் அவர். அதற்காக ஆயிரக்கணக்கான தோல்களைச் சரிபார்த்தபோது, மெய்னர்ட்ஸ்ஹேகனின் சில பதிவுகள் வேறு யாருடைய பதிவோடும் ஒட்டாமல் நின்றன. மெய்னர்ட்ஸ்ஹேகன் மேல் சந்தேகம் அப்போது புதிதாக முளைத்ததும் இல்லை. உயிரோடு இருந்தபோதே தோல் திருடினார் என்ற சந்தேகத்தில் லண்டன் அருங்காட்சியகம் அவரைப் பறவைக் கூடத்துக்குள் விடாமல் சில காலம் தடுத்து வைத்திருந்தது. 1993இல் ஆலன் நாக்ஸ் என்பவர் அவருடைய சில தோல்கள் திருடியவை, சீட்டு மாற்றியவை என்று எழுதியிருந்தார். ஆனாலும் பெரிய மனிதர் என்ற எண்ணம் எளிதில் கலையவில்லை.

ராஸ்முசனும் பறவைப் பாதுகாப்பு ஆய்வாளர் நைஜல் காலரும் ரான்பிங்ளாத் தோலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். பறவைத்தோலைப் பதப்படுத்துகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு: உள்ளே எதை எப்படித் திணிக்கிறார், எலும்பை எங்கே வெட்டுகிறார், எங்கே தைக்கிறார் என்று. டேவிட்சனின் மற்றத் தோல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவருடைய கை தெரிந்துவிடும். மாண்ட்வித் தோலிலும் அதே கை தெரிந்தது. யாரோ அதை அவிழ்த்து, உள்ளே இருந்ததை மாற்றித் திணித்து, உருவத்தை லேசாகத் திருத்தி, புதிய சீட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் முதலில் செய்தவரின் தடயம் முழுவதும் அழியவில்லை. 1880களில் டேவிட்சன் பிடித்து, அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கிருந்து களவு போன பறவைதான் அது. ‘ஐபிஸ்’ பறவையியல் இதழில் 1999இல் இந்த ஆய்வு வெளிவந்தது. பின்னர் ராஸ்முசன், ராபர்ட் பிரிஸ்-ஜோன்ஸ் முதலானோர் தொடர்ந்து ஆராய்ந்தபோது, மெய்னர்ட்ஸ்ஹேகன் இப்படிச் சீட்டு மாற்றிய தோல்கள் நூற்றுக்கணக்கில் தேறின.

திருட்டைக்கூட ஒருவகையில் மன்னித்துவிடலாம். தோல் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாறிற்று, அவ்வளவுதான். சீட்டை மாற்றியதுதான் உண்மையான குற்றம் என்பேன். எங்கே, எப்போது, யார் என்ற மூன்றும் இல்லாத தோல் இயற்கை வரலாற்றுக்கு எதையும் சொல்லாது. சீட்டு பொய்யாக இருந்தாலோ, சொல்லாமல் விடுவதைவிடக் கேடு. மாண்ட்விச் சீட்டு உயிருள்ள ஒரு பறவையை உயிருள்ளவர்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தது.

சீட்டு பொய் என்று புரிந்ததும் தேடல் எளிதாயிற்று. ஒட்டுமொத்தச் சான்றிலிருந்து ஒரு தோலைக் கழித்தாயிற்று. மிச்சம் நின்றவை பிளூவிட், பால், டேவிட்சன் சொன்ன இடங்கள் மட்டுமே. 1997 நவம்பரில் ராஸ்முசனும், அமெரிக்கப் பறவையியலாளர் பென் கிங்கும், டேவிட் அபட்டும் இந்தியாவுக்கு வந்தார்கள். முதலில் கிழக்கே, பிளூவிட்டும் பாலும் பிடித்த காடுகளில் தேடினார்கள். அங்கே அநேகக் காடு வயலாகியிருந்தது, ஆந்தை அகப்படவில்லை. பிறகு மேற்கே, டேவிட்சனின் ஷாஹாதாவுக்கு வந்தார்கள். நவம்பர் 25ஆம் தேதி காலை, நன்றாக வெயில் வந்த பிறகு, இலை உதிர்ந்த ஒரு மரத்தில் தடித்த கால்களோடு ஓர் ஆந்தை உட்கார்ந்திருப்பதை கிங் பார்த்தார். தலையில் புள்ளி இல்லை. சிறகில் பட்டை. வீடியோவும் புகைப்படமும் எடுத்தார்கள். கடைசி உண்மைப் பதிவு முடிந்து 113 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கண்டுபிடித்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். காலை வெயில். ஆந்தை என்றால் இரவு என்று நாம் பழகிப்போயிருக்கிறோம். ரான்பிங்ளா அந்தப் பழக்கத்துக்கு அடங்காத பறவை. மறுகண்டுபிடிப்புக்குப் பிறகு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த ஃபரா இஷ்தியாக்கும் ஆசாத் ரஹ்மானியும் தோரண்மாள், மேல்காட் முதலிய இடங்களில் இதைத் தொடர்ந்து கவனித்தார்கள். இன்று நாம் இந்தப் பறவையைப் பற்றிச் சொல்லக்கூடியவற்றில் பெரும்பகுதி அவர்கள் மரத்தடியில் காத்திருந்து எழுதியதுதான்.

சத்புராவின் குளிர்காலக் காலை நடுங்க வைக்கும். அந்த நேரத்தில் ரான்பிங்ளா உயரமான மரத்தின் உச்சிக் கிளைக்கு வந்து வெயில் காயும். காலை பத்து மணி வரை சுறுசுறுப்பாக இருக்கும், வேட்டையாடும். பிறகு கொஞ்சம் ஓய்ந்துவிடும். தாழ்ந்த கிளை ஒன்றில் அமர்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கும். இரை கண்ணில் பட்டதும் வால் இடமும் வலமுமாக வேகமாக ஆடும். கீழே விழுந்து கவ்வி மறுபடி கிளைக்கு வரும். அது கக்கிய உருண்டைகளையும் கூட்டுக்குக் கொண்டுவந்த இரைகளையும் வைத்துக் கணக்கிட்டதில், ஏறக்குறைய 60 விழுக்காடு ஓணான், அரணை போன்ற பல்லி வகைகள். எலி வகைகள் 15 விழுக்காடு, பறவைகள் 2 விழுக்காடு. மிச்சம் பூச்சியும் தவளையும். எலியை நம்பி வாழும் ஆந்தைக்கு இரவு வேண்டும். ஓணானை நம்பி வாழும் ஆந்தைக்குப் பகல் வேண்டும், ஏனென்றால் ஓணான் வெயிலில்தான் வெளியே வருகிறது. இந்தப் பறவையின் பகல் வாழ்க்கைக்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

காடும் இந்த வேட்டை முறைக்குத் தோதாக இருக்கிறது. தேக்கு மிகுந்த இலையுதிர் காடு அது. நடுநடுவே ஒதியன், சலாய், மருது வகைகள். நவம்பருக்குப் பிறகு இலை கொட்டத் தொடங்கி, கோடையில் மரங்கள் அநேகமாக மொட்டையாகிவிடும். கிளையில் இருந்து தரை தெளிவாகத் தெரியும். அடர்ந்த பசுமைக் காட்டில் இந்த வேட்டை நடக்காது. வெட்டவெளியிலும் நடக்காது, உட்காரக் கிளையும் ஒளியப் பொந்தும் வேண்டும். மரம் நிற்கும், ஆனால் இடைவெளி விடும் காடுதான் ரான்பிங்ளாவுக்குத் தேவை. வனத்துறைக் கோப்பில் இத்தகைய காடுகளுக்குப் பெரிய மதிப்பு இருப்பதில்லை என்பது வேறு விஷயம். புலிக்கும் நீர்ப்பிடிப்புக்கும் மலையுச்சிப் பசுங்காடுகளுக்கும் கிடைக்கும் கவனம், வறண்ட தேக்குக் காட்டுக்கு எப்போதும் கிடைத்ததில்லை.

இதன் குரல் புள்ளி ஆந்தையின் கிறீச்சிடலைப் போன்றதன்று. இணையைக் கூப்பிடும் பாட்டு குறுகியது, மெல்லியது, ‘உவ்வ்வ்’ என்று தாழ்ந்து ஒலிப்பது. ‘ஷ்ரீ’ என்று சீறும் ஒலி ஏறி இறங்கும். எச்சரிக்கைக்கு ‘சிர்ரூர், சிர்ரூர்’. பாட்டைப் பதிவு செய்தது வெறும் ஆர்வத்தால் அல்ல. கண்ணால் எளிதில் பிரித்தறிய முடியாத மூன்று சிற்றாந்தைகள் ஒரே காட்டில் இருக்கும்போது, காதுதான் துல்லியமான கருவி. பின்னால் நடந்த கணக்கெடுப்புகளில் பதிவு செய்த குரலை ஒலிக்க வைத்து, பதில் குரல் வருகிறதா என்று பார்த்துத்தான் புதிய இடங்களைக் கண்டுபிடித்தார்கள்.

இனப்பெருக்கக் காலம் அக்டோபரிலிருந்து மே வரை நீள்கிறது. ஜோடி சேரும் காலம் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் உச்சத்தை அடையும். ஆந்தை பொந்து குடையாது. மரங்கொத்தி விட்டுச் சென்றதோ, கிளை முறிந்து இற்றுப்போனதோ கிடைத்தால்தான் கூடு. ஆகவே வயதான மரங்கள் இல்லாத காட்டில் ரான்பிங்ளா இருக்க முடியாது. பெரும்பாலும் இரண்டு முட்டைகள். பெட்டை பொந்துக்குள் அடைகாக்க, ஆண் வேட்டையாடிக் கொண்டுவந்து ஊட்டும். குஞ்சு பொரித்து முப்பது, முப்பத்திரண்டு நாளில் குஞ்சுகள் வெளியே வரும். இதில் ஒரு கொடூரமும் பதிவாகியிருக்கிறது. ஆண் பறவை தன் குஞ்சையே கொன்று தின்றதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். தன் பிள்ளைகளை விழுங்கிய கிரேக்கக் கடவுள் குரோனஸின் பெயரால் உயிரியலில் இதைக் குரோனிசம் என்பார்கள். இரை குறையும்போது பல வேட்டைப் பறவைகளில் இப்படி நடக்கும். ஆனால் இரண்டே முட்டையிடும், எண்ணிக்கையில் சுருங்கிய ஓர் இனத்தில் ஒவ்வொரு குஞ்சும் கணக்கில் சேரும்.

பறவையின் உறவுமுறை பற்றிய பழைய வழக்கு ஒன்றும் பாக்கி இருந்தது. ஹியூம் தனிப் பேரினம் என்றார். பின்னால் வந்தவர்கள் சிலர் புள்ளி ஆந்தை இருக்கும் அதீனி பேரினத்தில் சேர்த்தார்கள். டில்லன் ரிப்ளி 1976இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். எலும்பின் பருமனையும் பழக்கங்களையும் சுட்டிக்காட்டி ராஸ்முசன் மறுபடி ஹியூமின் பக்கம் சாய்ந்தார். இந்த வாதத்தை மரபணு தீர்த்தது. 2018இல் வெளியான ஆய்வு, ரான்பிங்ளா அதீனி குடும்பக்கிளையின் உள்ளேயே அமைகிறது என்று காட்டியது. அந்த ஆய்வில் நமக்கு அருகில், கோயம்புத்தூர் ஆனைகட்டி மலையடிவாரத்தில் இருக்கும் சாலிம் அலி பறவையியல் மையத்தின் ஆய்வாளர்களுக்கும் பங்கு உண்டு. ஹியூமின் பேரினப்பெயர் நிலைக்கவில்லை என்றாலும் அவர் கண்ட வேறுபாடு பொய்யில்லை. உறவு நெருக்கம் ஒரு பக்கம் இருக்க, தடித்த காலும் பருமனான மண்டையும் இந்தக் கிளையில் தனித்துதான் நிற்கின்றன.

எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கான விடை 1997க்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு விரிந்தது. மகாராஷ்டிரத்தின் அமராவதி மாவட்டத்து மேல்காட் புலிகள் காப்பகம்தான் இன்று இதன் பெரிய கோட்டை. கோர்க்கு மக்கள் வாழும் மலை அது. புலித்திட்டத்தின் முதல் ஒன்பது காப்பகங்களில் ஒன்று. யாவல், தோரண்மாள் காடுகளிலும் உண்டு. ஆய்வாளர் பிராச்சி மேத்தாவும் கூட்டாளிகளும் மத்தியப் பிரதேசத்தில் கண்ட்வா, புர்ஹான்பூர், பேதூல் காடுகளைத் தேடிப் புதிய இடங்களைச் சேர்த்தார்கள். 2014இல் மும்பைக்கு வடக்கே தான்சா சரணாலயத்திலிருந்து செய்தி வந்தது. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் சாரல் பகுதி. சத்புராப் பறவை என்ற வரையறையே அதோடு தளர்ந்தது. 2015இல் குஜராத்தின் டாங்ஸ் பகுதியில் பூர்ணா சரணாலயத்தில் கண்டதாகப் பதிவு வந்தது. மெய்னர்ட்ஸ்ஹேகனின் பொய்ச்சீட்டு சொன்ன அதே மாநிலத்தில், வேறொரு காட்டில், உண்மையான ரான்பிங்ளா இருந்திருக்கிறது. அவர் பொய்யில் தப்பித் தவறி ஒரு பாதி உண்மையாகிவிட்டது; அதனால் அவருக்குப் பெருமை ஒன்றும் சேராது.

இத்தனை இடங்களில் கிடைத்ததும், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018இல் இந்தப் பறவையை ‘மிக அருகிய’ பட்டியலிலிருந்து ‘அருகிய’ பட்டியலுக்கு இறக்கியது. செய்தித்தாள்கள் இதை மீட்சி என்று எழுதின. பறவை பெருகியதால் வந்த மாற்றம் இது என்று கொள்வதற்கில்லை. தேடியவர்கள் பெருகினார்கள், அவ்வளவே. முதிர்ந்த பறவைகள் ஆயிரத்துக்கும் குறைவு என்பதே அப்போதும் மதிப்பீடு. காடு குறைந்துகொண்டே இருக்கும்போது கண்டுபிடித்த இடங்களின் எண்ணிக்கை கூடுவது, நமக்குத் தெரிந்தது கூடியதைக் காட்டுமே தவிர, பறவையின் நிலை தேறியதைக் காட்டாது.

அச்சுறுத்தல்கள் பல. காடு வயலாவது முதலாவது. விறகுக்கும் வேலிக்கும் காய்ந்த மரங்களை, இற்ற மரங்களை வெட்டிச் செல்வது அடுத்தது. பொந்து இருப்பது அந்த மரங்களில்தான். மூன்றாவது தீ. மார்ச், ஏப்ரலில் இலுப்பைப் பூ பொறுக்க மரத்தடிச் சருகைக் கொளுத்துவார்கள், பீடி இலைக்கும் தீ வைப்பார்கள். நெருப்பு தரையோடு ஓடிப் பட்டுப்போன மரங்களைப் பிடிக்கும் அந்தக் காலத்தில் குஞ்சுகள் பொந்தில் இருக்கக்கூடும். ஓணானும் அரணையும் அதே தீயில் சாகும். இதற்காகப் பழங்குடி மக்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நகரத்து எழுத்தாளர்களுக்கு எளிது. பூவையும் இலையையும் விற்றுத்தான் அவர்கள் கோடையைக் கடத்துகிறார்கள். தீ இல்லாமல் பூ பொறுக்க வலை விரிக்கும் முறை சில இடங்களில் வந்திருக்கிறது. அதற்குப் பணம் யார் கொடுப்பது என்பதே கேள்வி.

பிறகு நம்பிக்கை. ஆந்தையின் உறுப்பும் முட்டையும் மந்திரத்துக்கு உதவும் என்ற எண்ணம் இந்தியா முழுவதும் இருக்கிறது. வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் இந்தியா அமைப்பு 2010இல் வெளியிட்ட ஆந்தை வணிக அறிக்கை, தீபாவளியை ஒட்டி இந்தக் கொலை கூடுவதைச் சுட்டியது. ரான்பிங்ளா வாழும் பகுதியிலும் சடங்குக்கு, மேளம் செய்வதற்கு என்று இதைப் பிடிப்பது பதிவாகியிருக்கிறது. பகலில் திறந்த கிளையில் உட்காரும் ஆந்தையைக் கவணால் அடிப்பது சிறுவனுக்கும் எளிது. அதே மகாராஷ்டிரத்தில் பிங்ளா என்றே அழைக்கப்படும் நாடோடிக் குறிசொல்லிகளும் இருக்கிறார்கள். விடியுமுன் கையில் சிறு மேளத்தோடு வீடு வீடாக வந்து, ஆந்தையின் பேச்சு தங்களுக்குப் புரியும், அது சொன்னதைத்தான் சொல்கிறோம் என்று நல்வாக்குக் கூறுவார்கள். ஒரே பறவையைச் சுற்றி அச்சமும் மரியாதையும் இப்படிச் சேர்ந்தே இருக்கும் ஊரில், பாதுகாப்புப் பேச்சை எங்கிருந்து தொடங்கலாம் என்பதற்கு இந்தப் பிங்ளாக்களைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. வனத்துறைச் சுவரொட்டிகளுக்குச் செய்யும் செலவில் ஒரு பகுதியை அவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

கடைசியாகச் சேர்ந்திருப்பது நம் போன்றவர்களால் வரும் தொந்தரவு. மேல்காட்டுக்கும் தான்சாவுக்கும் இப்போது ரான்பிங்ளாவைப் படமெடுக்கவே ஆட்கள் போகிறார்கள். தமிழகத்திலிருந்தும் போகிறார்கள். ஆய்வாளர்கள் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்திய குரல்பதிவு இன்று எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. ஜோடி சேரும் ஜனவரி, பிப்ரவரியில்தான் இந்தப் பறவை பதிவுக்கு மிக வேகமாகப் பதில் கொடுக்கும். அதாவது, எதிரி வந்துவிட்டான் என்று நம்பிப் பொந்தை விட்டு வெளியே வரும். ஆண் அப்படி வீணாகச் சண்டைக்கு நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் பெட்டைக்குப் போக வேண்டிய ஓணான் போகாத நேரம். ஆகவே போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். குரல்பதிவை ஒலிக்க வைக்காதீர்கள். காலை வெயிலில், இலை உதிர்ந்த தேக்கின் உச்சியைப் பார்த்து நின்றாலே போதும், இருந்தால் அது தானாகத் தெரியும். படம் எடுத்தால் இடம், நாள், நேரம் மூன்றையும் உள்ளபடி எழுதி ஆய்வாளர்களிடமோ வனத்துறையிடமோ கொடுங்கள். கூட்டுமரத்தின் இடத்தை மட்டும் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.